வாக்குச்சீட்டில் ஈரம்

சாராயம் விற்கும் கவுண்டிக்கு இங்கே ஈரம் என்று பெயர்,
விற்காததற்கு வறட்சி.
ஆர்கன்சாவின் இந்த மூலை எண்பது வருடமாக வறட்சி.
நடுவே ஆறு ஓடுகிறது என்பது வேறு விஷயம்.

மருந்துக்கடையில் எனக்கு இது பதினோராம் வருடம்.
இருமாமல் இருமல் மருந்து வாங்குகிறவர்களை
முகம் பார்த்தே சொல்வேன்.
நான்கு பல் மிச்சமிருக்கும் டெல்மர் ஹாக்கின்ஸுக்கு
வாரம் மூன்று பெரிய புட்டி மவுத்வாஷ்.
அவர் சில்லறை எண்ணும்போது
லேபிளைப் படிப்பதுபோல் நிற்பேன்.
அது என் பங்கு மரியாதை.
அல்லது என் பங்கு விற்பனை.

எல்லைக்கோடு இருபத்தாறு மைல்.
கோட்டைத் தாண்டிப் பன்னிரண்டே அடியில் ஒரு கடை.
போகும்போது பலகையில் முதல் வாய்ப்பு,
திரும்பும்போது அதன் முதுகில் கடைசி வாய்ப்பு.
வாங்கியவன் வீடு வரை பொறுப்பதில்லை.
வழியில் ஒன்பது வளைவு.
மூன்றாவதில் ஐந்து வெள்ளைச் சிலுவை,
ஒன்றின் தலையில் பேஸ்பால் தொப்பி.
மழைக்குப் பிறகு யாரோ வந்து அதை மாற்றுகிறார்கள்.

ரத்த அழுத்த மாத்திரைக்கு வரும் ஓபல் ரென்ஃப்ரோ
ஒருநாள் கேட்காமலே சொன்னாள்:
மரஅறுவை ஆலையில் சனிக்கிழமை கூலி.
கூலி ஜன்னலுக்கும் மதுக்கடைக் கதவுக்கும்
நடுவே ஏழு தப்படி.
அந்த ஏழு தப்படியில் பெண்கள் வரிசையாக நின்று பார்த்தார்களாம்.
ஆண்கள் சுற்றிக்கொண்டு போனார்களாம்.

அவள் அம்மாவுக்கு இடது காது கேட்காது.
பிறவியில் அல்ல.
கடையை மூடச் சொல்லி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவள்
மறுத்தவர்களுக்கு அந்தக் காதையே திருப்பிக் காட்டினாள்.

மூடிய முதல் குளிர்காலம் அமைதியாக இருந்தது.
ஓபலுக்குப் புது ஷூ வந்தது.
இரண்டாம் குளிர்காலத்தில்
லாரி ரேடியேட்டரில் காய்ச்சியதைக் குடித்து
பள்ளத்தாக்கில் இரண்டு பேருக்குக் கண் போனது.
ஒருவன் ஓபலின் அப்பா.
அதன்பிறகு அவர் யாரையும் அடிக்கவில்லை,
எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாததால்.
இதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள்.
நான் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தேன், தப்பிவிட்டது,
மறுபடி ஒன்றிலிருந்து.

இந்த நவம்பரில் மறுபடி வாக்கெடுப்பு.
பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுகிறது,
மது வரியில் ஓடு மாற்றலாம் என்கிறார்கள்.
வறட்சியே தொடரட்டும் என்ற பலகை
போதகர் பிளெட்சோ வீட்டுப் புல்வெளியில் இருக்கிறது,
கார் டிக்கியில் சரக்கு விற்கும் ராண்டல் வீட்டிலும்.
போதகருக்கு தேவன். ராண்டலுக்குத் தொழில்.

நான் வந்த மாநிலத்தில்
கல்லாவில் அரசாங்கமே உட்கார்ந்திருக்கிறது.
குடி குடியைக் கெடுக்கும் என்று அதுவே
புட்டியிலும் ஒட்டுகிறது.
கூட வேலை செய்யும் ஷெல்பிக்கு அந்த வரியை
மூன்று முறை மொழிபெயர்த்தேன்.
ஒரு குடி மட்டுமே அவளிடம் போய்ச் சேர்ந்தது.

குடியுரிமை வாங்கிய பின் என் முதல் வாக்கு.
குடிக்கும் உரிமை பற்றி.
தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், அட்டைத் தடுப்புக்குள்,
ஈரத்துக்கு ஆதரவு, எதிர்ப்பு
என்று இரண்டு வட்டம்.
ஈரத்துக்கு எதிராக என் கை எப்படிப் போகும்?
நெஞ்சில் ஈரமில்லாதவள் என்பது
என் மொழியில் வசை.
ஆனால் அந்த ஏழு தப்படியில் நின்ற பெண்களுக்கு
வேறெங்கே இருந்தது ஈரம்?
பேனா நுனி காயும் அளவுக்கு நின்றேன்.
வெளியே யாரோ இருமினார்கள்.
நிஜமான இருமல்.

சாயங்காலம் டெல்மர் வந்தார்,
சட்டையில் 'வாக்களித்தேன்' ஸ்டிக்கர், தலைகீழாக.
"வறட்சிக்குத்தான் போட்டேன்" என்றார்.
"லைசென்ஸ் பிடுங்கி ஆறு வருடமாச்சு.
அந்தக் கடை இங்கே வந்தால்
நடந்தே போய்விடுவேனே, அம்மா."

நான் எதற்குப் போட்டேன் என்று கேட்கவில்லை.
புட்டியைக் கவுண்டரில் வைத்துச்
சில்லறை எண்ணினார்.
நாற்பது சென்ட் குறைந்தது.
நான் போட்டேன்.