இடது மணிக்கட்டு

ஹைகிரவுண்ட் ரோட்டில், மருந்துக்கடைக்கு மாடியில்
பன்னிரண்டு வருஷமாய் ஸ்கேன் எடுக்கிறேன்.
முதுகுத்தண்டு, மூளை, வழுக்கி விழுந்த முழங்கால்.
விளையாட வயசு இருக்கிறதா என்று
ஒரு கையைப் படம் பிடிக்கச் சொன்னது
அன்றைக்குத்தான்.

கூடுதாழையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தான்.
பெயர்: ஜெனிஸ்டன் மச்சாது.
பார்க்க வேண்டியது: இடது மணிக்கட்டு.
காரணம்: ஆசியக் கோப்பைக் கால்பந்து,
பதினாறு வயதுக்கு உட்பட்டோர்.

"பந்தைக் கையால தொட்டா விசில் ஊதுதாங்க,
இப்ப கையத்தான் பாக்கணும்ங்காங்க"
என்று சிரித்தான்.
அவன் அம்மா சிரிக்கவில்லை.
மடியில், பிளாஸ்டிக் உறைக்குள், ஞானஸ்நானச் சான்றிதழ்.
"கொடியேத்தத்துக்கு மறுநாள் பொறந்தவன் மேடம்.
சாமியார் கையெழுத்து இருக்கு, பாருங்க."
பார்த்தேன். இருந்தது.
இயந்திரத்துக்கு அது தெரியாது.

கழுத்துச் சிலுவையைக் கழற்றித் தட்டில் வைத்தான்.
கவிழ்ந்து படுத்து
இடது கையைத் தலைக்கு மேல் நீட்டச் சொன்னேன்.
கோல் போட்டவன் புல்லில் சறுக்கிக் கிடப்பதுபோல் கிடந்தான்.
"பதினஞ்சு நிமிஷம். ஆடக் கூடாது."

எல்லாரிடமும் சொல்வதுதான்.
சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

தகர ஷீட்டில் யாரோ
விடாமல் பந்தடிக்கிற சத்தம் உள்ளே.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
திரையில் கை வந்தது, சாம்பல் நிறத்தில்.
ஆரை எலும்பின் நுனியில் ஒரு கோடு தெரிய வேண்டும்,
பானை விரிசல் கணக்காய், மெல்லிசாய்.
இன்னும் வளர இடமிருக்கு என்று
எலும்பு தனக்கே போட்டுவைத்த கோடு.
தேடினேன்.
அடுத்த துண்டில் தேடினேன், அதற்கடுத்ததில்.
நன்றாகப் பூசி மெழுகிவிட்டது போல் இருந்தது.

பையன் ஆடவே இல்லை.
அத்தனை சுத்தமான படம் அந்த மாதத்தில் வேறில்லை.

"கோடு இருக்காக்கா?"
முகாமில் எல்லாப் பையன்களுக்கும் தெரியுமாம் இந்தக் கோடு.
ராத்திரி விளக்கணைத்த பிறகு
மணிக்கட்டை அமுக்கி அமுக்கிப் பார்ப்பார்களாம்.
"டாக்டர்தான் சொல்லணும்" என்றேன்.
சொல்லிச் சொல்லி வழுவழுப்பாகிப்போன வாக்கியம்.

பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து
அவன் அம்மா வெகுநேரம் பார்த்தாள்.
"அவங்கப்பா கையேதான்" என்றாள்.
பிறகு, யாரிடமும் இல்லாமல்,
"ஏழாப்பு லீவுலேர்ந்து வலை இழுக்கான்.
கடலுக்குப் போன கை முந்தி மூத்துருமோ என்னமோ."

அப்படியெல்லாம் இல்லை என்று டாக்டர் சொல்வார்.
சிலருக்கு எலும்பு முந்திக்கொள்ளும் என்றும் அவரே சொல்வார்.
சாமியார் மையா, என் காந்தமா, எது பொய்யென்று
எனக்குத் தெரியாது.
அறிக்கையில் இரண்டே கட்டம்.
மூடியது. மூடவில்லை.

ஆட்டம் ஒரு நள்ளிரவில் வந்தது.
இரவு ஷிப்ட். செல்போனைக் கணினியில் சாய்த்துவைத்துப் பார்த்தேன்.
எங்கள் பையன்கள் நீலத்தில்.
எதிரே வியட்நாம் பையன்கள், பிடரியில் வேர்வையோடு.
இருபத்திரண்டு இடது மணிக்கட்டுகளும் ஓடின.
ஹனோயில் ஒரு மாடியறையில் என்னைப் போல ஒருத்தி
இவர்களையும் ஆடக் கூடாதென்று சொல்லியிருப்பாள்.
அவளும் இப்போது விழித்திருக்கலாம்,
அவள் அடைத்து அனுப்பிய ஒருவனை
கூட்டத்தில் தேடிக்கொண்டு.

எழுபத்தோராவது நிமிஷம்
நடுவிலிருந்து ஒருவன் தலையைத் தூக்காமலே
இடது ஓரத்துக்கு நீளமாய் ஒரு பந்து அனுப்பினான்,
பழக்கத்தில், அங்கே ஒருவன் இருப்பான் என்று.
யாரும் இல்லை.
பந்து தானாக உருண்டு
சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிப் போனது.

மணி அடித்தது.
அம்பாசமுத்திரம், பைக் விபத்து, கழுத்தெலும்பு.
போனைக் கவிழ்த்துவைத்துவிட்டு எழுந்தேன்.
"ஒண்ணுமில்ல, சத்தமாத்தான் இருக்கும்" என்றேன் அவரிடம்.
"அசையாம இருங்க."