ஆறே முக்கால்

ஹட்டனில் பாயிஸின் கடையில்
பதினெட்டாயிரத்துக்கு எடுத்த பெட்டி.
ஏதோ ஒரு வங்கியில் எட்டு வருஷம் உழைத்துவிட்டு
மஸ்கெலியா மலையேறி எங்கள் லயத்துக்கு வந்தது.
முதுகில் இன்னும் அவர்கள் ஒட்டிய சொத்து இலக்கம்.

பட்டனை அழுத்திவிட்டு
அடுப்பு மூட்டி, தேத்தண்ணி ஊற்றி,
பிள்ளைக்குச் சப்பாத்து மாட்டித் திரும்பினாலும்
வட்டம் சுற்றிக்கொண்டேயிருக்கும்.

ஒரு ஞாயிறு உள்ளே போய்ப் பார்த்தேன்.
கூப்பிடாமலே
பெரட்டுக்கு வந்து நிற்கிறார்கள்
பத்தொன்பது பேர்.
இல்லாத பிரிண்டருக்கு ஒரு காவல்காரன்.
காலாவதியான வைரஸ் பொலிஸ் இரண்டு பேர்,
ஒருவரையொருவர் சந்தேகித்தபடி.
வானிலை சொல்ல ஒருவன்:
நல்ல வெயிலாம்.
ஜன்னலைத் திறந்தால் கக்கூஸ் கூரை தெரியாத பனி.

கங்காணி மாதிரி நின்று பேர் வெட்டினேன்.
நேற்றும் என் மச்சாளுக்கு அரைப் பேர்தான்,
இரண்டு கிலோ குறைந்ததற்கு.
கை கொஞ்சம் தயங்கியது.
வெட்டினேன்.
நாலு பேர் மிஞ்சினார்கள்.

ரட்ணேஸ் வெள்ளவத்தைக் கடைக்குப் போகுமுன்
திரைக்குக் கடல் படம் போட்டிருந்தார்.
படம் மெமரியைத் தின்னும் என்று
கறுப்பாக்கிவிட்டேன்.
அப்படியொன்றும் தின்னாது.

சீட்டுக் காசில் புது டிஸ்க்.
மட்டையில் இருநூற்று நாற்பது,
திரையில் இருநூற்று இருபத்து மூன்று.
பாயிஸுக்குக் கோல் எடுத்தேன்.
"கணக்குப் போடுற முறை வேற, தங்கச்சி."
தெரியும்.
கொழுந்து மடுவத்திலும் அதுதான் கதை:
சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு.

இருபத்தொரு நொடியில் எழும்புகிறது இப்போது.
தேத்தண்ணி ஊற்ற நேரமில்லை.

ஆனால் பின்னேரம் ஆறே முக்காலுக்குச்
சொல்லாமல் செத்துவிடும்.
மலையிறங்கி ஆட்கள் வரும் நேரம் அது.
பிறப்புச் சான்றிதழில் பேர் பிழைத்தவர்களுக்கு
விண்ணப்பம் அடித்துக் கொடுக்கிறேன்,
பக்கம் நூறு ரூபா.
பாதிப் பேரில் திரை அணையும்.

றாமைக் கழற்றி அழிறப்பரால் தேய்த்தேன்.
விசிறியில் விரல் கனத்துக்குத் தேயிலைப் பஞ்சு.
பவர் சப்ளைக்குள் எறும்பு முட்டை.
ஈரம் காயப் பதினைந்து வோட் குமிழ் ஒன்றை
உள்ளே தொங்கவிட்டேன்,
குஞ்சு பொரிக்க வைத்தது மாதிரி.
விண்டோஸைத் துடைத்து மறுபடி போட்டேன்.
ஆறே முக்கால்.
செத்தது.

நேரத்தைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

நாலாம் காம்பரா சூசைமணி கதவைத் தட்டினாள்.
"ஒங்க பொட்டி வந்ததுலேருந்துதான்
எங்க டீவி நடுங்குதுன்னு லயமே பேசிக்கிது."

மீட்டரைச் சொருகினேன். நூற்று எழுபத்து நாலு வோல்ட்.
பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன்.
நூற்று எழுபத்து நாலு.
அவள் குனிந்து பார்த்தாள், கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.
மகனை வீட்டுக்கு ஓடவிட்டாள்:
ஹீட்டரை நிறுத்து.
நூற்று எண்பத்தொன்று.
ஒன்பதாம் காம்பராவில் ரைஸ் குக்கர்.
நூற்று எண்பத்தாறு.
பன்னிரண்டு காம்பராவுக்கும் ஒரே வயர்,
யாரோ எப்போதோ வீட்டுக்கு ஒரு பல்புக்காக இழுத்தது.

"பொட்டியில ஒண்ணுமில்ல அக்கா. கோளாறு லைன்ல."
"எந்த லைன்ல?" என்று சிரித்தாள் சூசைமணி,
வாசல் வரிசையைக் கையால் காட்டி.

யாரையும் சோறாக்காதே என்று சொல்ல முடியுமா.
மின்சார சபைக்கு ஒரு கடிதம் அடித்தேன்.
பத்து நிமிஷத்துக்கொரு முறை தானாகச் சேமிப்பதை
ஒரு நிமிஷமாக மாற்றிவிட்டு.
சூசைமணி மீட்டரைப் பிடித்து எண்களை வாசித்தாள்.
அடியில் பன்னிரண்டு வீட்டுப் பேர்,
ஒவ்வொன்றும் முழுதாக, எழுத்துப் பிழையில்லாமல்.

நடுவில் இரண்டு முறை செத்தது.
இரண்டு முறையும் கடிதம் திரும்பக் கிடைத்தது.
கடைசியில் நான் திரும்பிப் போய்ச் செருகிய
'தாழ்மையுடன்' மட்டும்
சேமிப்பில் இல்லை.

இன்னொரு தடவை அடிக்கவில்லை.