மஞ்சள் அட்டை

முடிவெடுக்கும் முன்பே ஊசி போட்டுக்கொள்ள வந்துவிட்டேன்.
கிண்டி கிங் நிலையம், காலை பத்தே கால்.
எனக்கு முன்னால் கானாவுக்குப் போகும் இரண்டு வெல்டர்கள்.
பின்னால், கென்யாவில் தேனிலவென்று
வரிசை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு பையன்.
"நீங்க எங்கம்மா?"
சாவோ பாவ்லோ என்றேன்.
"அங்க என்ன இருக்கு?"

அதுதான் தம்பி தெரியவில்லை.

லிங்கி செட்டி தெருவில், இரண்டாம் மாடியில்,
இருபத்தோரு வருடமாக
சான்டோஸ் துறைமுகம் போகும் பெட்டிகளுக்கு
நான்தான் காகிதம் தயாரிக்கிறேன்.
பிரேக் ஷூ, தோல் கையுறை,
ஒருமுறை நாற்பது டன் கருங்கல்.
அந்தத் துறைமுகத்திலிருந்து மலையேறினால்
இரண்டு கோடிப் பேர் என்கிறார்கள்.
நான் அனுப்பிய பிரேக்கை மிதித்துக்கொண்டு
ஏதோ ஒரு சிக்னலில் நிற்கிறார்கள்.

அந்த முனையில் ரொசானா.
அவளும் காகிதக்காரிதான்.
எட்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறாள்.
நான் கணினியை அணைக்கப் போகையில்
அவளுடைய காலை வணக்கம் வரும்.
பதினோரு வருடமாக
எனக்கு ஒரு நாளில் இரண்டு முறை விடிகிறது.

மைத்துனர் கேட்டார்: இவ்வளவு காசைக் கொட்டி
இன்னொரு கத்திப்பாராவைப் பார்க்கணுமா?
போவதென்றால் அருவிக்குப் போ,
ரியோவில் மலைமேல் கைவிரித்து நிற்கும் ஏசுவிடம் போ.
அலுவலகத்துப் பிரிசில்லா படம் படமாய்க் காட்டினாள்.
கட்டடம், கட்டடம், அதற்குப் பின்னால்
கட்டடம்.
தெருவில் கைப்பேசியை வெளியே எடுக்கக் கூடாதாம்.
எடுக்காமலே பாரிமுனையில் இரண்டு தொலைத்தவள் நான்.

பயணச்சீட்டு ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம்.
சமையலறைக்கு டைல்ஸ் போடலாம்.
இடது கடைவாயில் இரண்டு பல் கட்டலாம்.
மிச்சமும் இருக்கும்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது.
போன மாசியில், கோட்டை ரயில் நிலையத்தில்,
முதுகுப்பையும் வெயிலில் வெந்த மூக்குமாய் ஒரு வெளிநாட்டுப் பெண்
கேட்டாள், சென்னைக்கு அரை நாள் போதுமா என்று.
நான் யோசிக்கவே இல்லை.
இங்கே ஒன்றுமில்லை, மகாபலிபுரம் போ என்று
பேருந்தும் சொல்லி அனுப்பிவைத்தேன்.
என் ஊரை நானே கைகழுவினேன்,
வழிகாட்டிய பெருமையோடு.

அன்று மாலை தாம்பரம் வண்டி.
எழும்பூர்ப் பக்கம் கூவம் வந்ததும்
பெட்டி முழுக்க ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்தது.
கதவோரம் உட்கார்ந்திருந்த பூக்காரி
கூடையின் ஈரத்துணியை ஒரு ஓரம் விலக்கினாள்.
யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.
மூச்சை விட்டோம்.
இதை எந்த அரை நாளில் வைத்து
அந்தப் பெண்ணுக்குக் காட்டியிருப்பேன்?

கடைசியில் ரொசானாவிடமே கேட்டேன்.
சரக்கு விவரத்துக்குக் கீழே, ஒரே வரி:
உன் ஊர் வந்து பார்க்கத் தகுந்ததா?
மூன்று நாள் பதில் இல்லை.
தப்பாகக் கேட்டுவிட்டேனோ என்று
சோறு இறங்கவில்லை.
நான்காம் நாள் பெட்டி எண், எடை, முத்திரை எண்,
எல்லாவற்றுக்கும் அடியில்:
"பார்க்க ஒன்றுமில்லை. தூறிக்கொண்டே இருக்கும்.
எத்தனை நாள் தங்குவாய்?"

ஊசி வலிக்கவில்லை.
கமலவேணியைக் கமலவாணி ஆக்கி,
அடித்துத் திருத்தி, அட்டையை நீட்டினார் செவிலியர்.
பத்து நாள் கழித்துத்தான் செல்லுமாம்.
அதன்பின் ஆயுள் முழுக்க.
ஆயுள் முழுக்கவா!
விசா இல்லை. லீவு கேட்கவில்லை.
பல்லும் கட்டவில்லை.

மயக்கம் வருகிறதா பார்க்க
அரை மணி நேரம் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள்.
கென்யாப் பையன் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி
வீட்டுக்காரிக்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்தான்.
கிண்டிக் கொசு ஒன்று
ஊசி போட்ட கையிலேயே வந்து உட்கார்ந்தது,
அதற்கும் வேறு இடம் பார்க்கத் தெரியாமல்.
அங்கே இப்போது இரவு இரண்டரை.

விடிந்ததும் பார்த்துக்கொள்ளட்டும் என்று
ரொசானாவுக்கு அனுப்பினேன்:
குடை கொண்டுவரணுமா,
அங்கேயே கிடைக்குமா?