சாய்மானம்

இருபத்தாறு தட்டு.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று, ஆகஸ்ட்.
நீராவி எஞ்சினுக்கு வைக்கோல் ஊட்டுகிறவன்,
கட்டு வீசுகிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள்,
தண்ணீர் இழுக்கும் பையன்,
எல்லோருக்கும் நாளுக்கு ஐந்து முறை பசிக்கும்.
சக்கரம் பூட்டிய சமையல் வண்டியில்
மூன்று மணிக்கே அடுப்பு மூட்டுவேன்.
பலூஸ் குன்றுகளில் சமதரை
ஒரு முழம்கூடக் கிடையாது.
கொதிக்கிற சூப்புப் பானை எந்தப் பக்கம் சரியும் என்று
என் இடுப்புக்கு முன்னாலேயே தெரியும்.

பண்ணைக்காரர் கான்ராட் ஹெர்கெர்ட்
இரண்டு வருஷம் கழித்து ரயிலிலிருந்து இறக்கினார்
ஒரு மரவீட்டை.
அறுக்குமாம், அடிக்குமாம், தூற்றுமாம்.
கதிரைக் களத்துக்குச் சுமந்தது போய்
களமே எழுந்து கதிரைத் தேடி நடந்தது.
நடந்தது என்றால்,
முப்பத்து மூன்று கோவேறு கழுதைகள் நடந்தன.
அவை இழுக்க, பெரிய சக்கரம் உருளும்.
அது உருண்டால்தான் கத்தி ஓடும், சல்லடை ஆடும்.
முன்னால் நீட்டிய ஏணியின் நுனியில் டெல்பர்ட்,
மடியில் ஒரு டப்பா கூழாங்கல்.
சோம்பேறிக் கழுதையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு
பின்புறம் பார்த்து எறிவான்.

தட்டு ஐந்தாயிற்று.
மற்ற ஆட்கள் மரம் வெட்டப் போனதாகச் சொன்னார்கள்.
ஒருவன் எனக்குப் புகையிலைக் கடன் வைத்துப் போனான்,
முப்பது சென்ட்.
அழுதாயா என்று கேட்காதீர்கள்.
என் மணிக்கட்டைக் கேளுங்கள்.

அந்த யந்திரத்துக்கு ஒரு நோய் இருந்தது.
மேட்டில் சாய்ந்தால்
தானியம் சல்லடையின் ஓரத்தில் குவிந்து
பதரோடு பதராகப் பின்னால் கொட்டிவிடும்.
ஒருவன் பலகையில் நின்று
சக்கரம் திருகி
அதை நிமிர்த்திக்கொண்டே இருக்க வேண்டும்.
யால்மர் நின்றான். நின்றபடியே தூங்கினான்.
அறுவடை முடிந்து மழை பெய்தது.
அவன் கண்ணயர்ந்த இடமெல்லாம்
தாளுக்குள் பச்சைக் கோடாக முளைத்து வந்தது,
கையெழுத்துப் போட்ட மாதிரி.

சமையலுக்கு ஒன்றரை டாலர்.
சாய்மானத்துக்கு மூன்று.
எனக்குக் கொடுங்கள் என்றேன்.
கான்ராட் சிரித்தார். "ஒட்டிலியா, நீயா?"
பானையை விளிம்புவரை நிரப்பி
குன்றின் குறுக்கே நடந்து போய்த் திரும்பி
அவர் காலடியில் வைத்தேன்.
அவருடைய பூட்ஸ் நனையவில்லை.

முப்பது அறுவடை நின்றேன்.
மூக்கில் துணி, காதில் பஞ்சு,
பாதத்துக்கு அடியில் குன்று திரும்பும்போதெல்லாம்
முழங்கால் சொல்லும், கை திருகும்.
ஒருமுறை குளவிக்கூட்டில் மிதித்து
முப்பத்து மூன்றும் பிய்த்துக்கொண்டு ஓடின.
மூட்டை தைக்கிறவன் குதித்துவிட்டான்.
ஓடுகிற யந்திரத்தையும் நான் நிமிர்த்தினேன்.
ஏன் என்று இன்றுவரை தெரியாது.

பிறகு டிராக்டர் வந்து கழுதைகளை விற்றார்கள்.
தொட்டி வந்து கோணி ஊசி போயிற்று.
கடைசியாக எனக்கு.
கான்ராடின் மகன் லூயிஸ் மூடியைத் திறந்து காட்டினான்:
கண்ணாடிக் குழாய்,
உள்ளே பாதரசம், ஒரு துளி.
சாய்த்தால் ஓடியது.
ஓடியதும் விசை தட்டியது,
யந்திரம் தானே நிமிர்ந்தது.
நான் செய்ததும் அவ்வளவுதான்.
சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன்.
அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்டோபரில் மழை.
யாருக்கும் சொல்லாமல் வயலுக்குப் போனேன்.
தாளுக்குள் குனிந்து தேடினேன்.
இரண்டு கோடு.
ஒன்று என் விரல் நீளம்தான்.
என்னுடைய எந்த வருஷத்தையும்விடக் குறைவு.
வீட்டில் கேட்டால்
பொய் சொல்லலாமா என்று
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்,
மேட்டுப்பக்கக் காலைச்
சற்றே மடக்கி.