வெள்ளைக்கண்

பகாவ். புதன் இரவு, எட்டே கால்.
ஹார்ட்வேர் கடைக்கு மேல்மாடி. கீழே
செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று
சந்தில் திரும்ப முடியாமல் இருமுகிறது.
என் முன்னால் ஐந்து மாணவர்கள்,
ஐவருக்கும் என்னைவிட வயது அதிகம்.
ஐவரும் என்னை ‘தீச்சர்’ என்கிறார்கள்.

இன்றைய பாடம் அவமரியாதை.

கேட்டு வாங்கியது மேடம் பூன்.
பெர்த்திலிருந்து மருமகள் அனுப்பும் செய்திகளில்
எது களைப்பு, எது அவமதிப்பு
என்று பிரிக்கத் தெரியவில்லையாம்.
‘வாட்டெவர்’ என்று ஒன்று வந்ததாம்.
‘எதுவானாலும்’ என்றதாம் அகராதி.
எதுவானாலும் சம்மதம்போல, தங்கமான பெண் என்று
மூன்று நாள் சந்தோஷமாக இருந்தாராம்.

பலகையில் எழுதினேன்.
ரூட்: கதவை முகத்தில் அறைந்து சாத்துவது.
ஸ்னப்: கதவு திறந்தே இருக்கும்,
உள்ளே இருப்பவர் கண்ணுக்கு
நீங்கள் மட்டும் தெரியமாட்டீர்கள்.
ஸ்லைட்: பந்தியில் உங்கள் இலையை மட்டும்
தாண்டிப் போகிற பாயசம்.
விழித்தார்கள். அழித்துவிட்டு மாற்றினேன்:
விருந்து மேசையில் மீனின் தலை
உங்களைக் கடந்து அடுத்தவர் பக்கம் திரும்பி நிற்பது.
ஓ, என்றார்கள் ஒரே மூச்சில்.

‘கண்டெம்ட்’டில் சாக்பீஸ் நின்றுவிட்டது.
ஹியூ எழுந்தார், ஆணி எண்ணித் தேய்ந்த விரல்களோடு:
“எங்களிடம் இருக்கிறது தீச்சர். வெள்ளைக்கண்.”
கருவிழியை மேலே உருட்டி
வெள்ளையை மட்டும் காட்டினார்.
சிரித்தோம்.
கருவிழி இருந்தால்தானே
எதிரில் நிற்பவர் அதில் விழுவார்?

ஆங்கிலத்தில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை.
ராஜாவுக்கும் யூ, நாய்க்கும் யூ.
அதனால் குத்தல் எங்கே இருக்கிறதென்று
மேலே தடவிப் பார்த்தால் தெரியாது,
தொண்டைக்குப் போன பிறகுதான் முள்.
‘வித் ஆல் ட்யூ ரெஸ்பெக்ட்’ என்று யாராவது ஆரம்பித்தால்
மரியாதை அதோடு தீர்ந்தது
என்று குறித்துக்கொள்ளுங்கள், என்றேன்.
தேதி போட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

பேட்ரனைஸ்: பொருள் இரண்டு.
ஒரே கடைக்கு வாடிக்கையாக வருவது.
தட்டிக்கொடுத்தே ஆளைக் குட்டையாக்குவது.
ஹியூ கணக்குப் போடுவதுபோல் யோசித்தார்.
“சிலர் இரண்டையும் சேர்த்தே செய்கிறார்கள்.”

பிறகுதான் ஆ லான் கையைத் தூக்கினார்.
மீக் கடை. ஆறு மாதமாக வாய் திறக்காதவர்.
“எங்கள் வீட்டில் உங்கள் ஆட்களைச் சொல்ல
ஒரு வார்த்தை உண்டு.
சின்ன வயதில் அதுதான் உங்கள் பெயர் என்றே நினைத்திருந்தேன்.
அது ரூடா, ஸ்லைட்டா? எந்த வரிசை?”

லாரி போய்விட்டிருந்தது.

அந்த வார்த்தை எனக்குத் தெரியும்.
இதே ஊர்ச் சந்தையில்
மீதிச் சில்லறையோடு கையில் விழுந்திருக்கிறது.
‘சொல்பவர் தொனியைப் பொறுத்தது’
என்று ஓர் ஆசிரியைப் பதில்
நாக்கு நுனிவரை வந்து நின்றது.
அதை விட்டுவிட்டு வேறொன்று சொன்னேன்.
எங்கள் லயத்தில் உங்களுக்கும் ஒரு பெயர் இருந்தது.
தவுக்கே கடையில் அரிசி கடன் வாங்கி,
கடன் நோட்டு மூடுவதற்குள்
படியிறங்கிக்கொண்டே சொல்வோம்.
நானும் சொல்லியிருக்கிறேன்.

என்ன பெயர் என்றார்கள்.
மொழிபெயர்க்க வரவில்லை.
ஒரு விரலால் மூக்கைச் சப்பையாக அமுக்கிக் காட்டினேன்.
மேடம் பூன் மட்டும் சிரித்தார், தாமதமாக,
பிறகு தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஆ லான் பேனாவோடு காத்திருந்தார்.
“அப்படியானால் எந்த வரிசை, தீச்சர்?”
கடைசி வரிசை, என்றேன். கண்டெம்ட்.
“ஸ்பெல்லிங்?”
எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.
கடைசிக்கு முன்னால் ஒரு ‘பி’ வரும்,
பேச்சில் அநேகமாகக் காதில் விழாது,
எழுதாமல் விட்டால் தப்பு.

அந்த ஒரு எழுத்தின் மேல் மட்டும்
இரண்டு தடவை பேனாவை ஓட்டினார்.