ஆறு டிக்கெட்

அந்தப் பட்டியலை நான் பார்த்திருக்கக் கூடாது.
மெலனி திரையைப் பூட்டாமல்
காப்பிக்குப் போனாள், அவ்வளவுதான்.

பதினேழாவது வரிசையில் நான்.
பதினெட்டில் டெசிரே.
நடுவே சிவப்பாய் ஒரு கோடு,
பள்ளிக்கூட நோட்டின் ஓரக்கோடு போல மெல்லிசு.

பாரிஸில் யாரோ கடவுச்சொல்லை மறந்து,
யாரோ அச்சு இயந்திரத்தை வைது
அனுப்பிய புகார்களில்
நான் தீர்த்தவை
அவனைவிட ஆறு அதிகம்.

ஆறும் எந்த வாரத்தில் என்று எனக்குத் தெரியும்.
பிப்ரவரி. புயல். மூன்றாம் எச்சரிக்கை.
எபேன் கட்டடத்தைச் சாத்திவிட்டு
வீட்டிலிருந்தே பாருங்கள் என்றார்கள்.
காத்ர் போர்னில் எங்கள் தெருவுக்கு
இரண்டு மணி நேரத்தில் கரண்ட் வந்துவிட்டது.
சோறு வடித்தபடி டிக்கெட் மூடினேன்.
பக்கத்து வீட்டு வாழை முறிந்ததை
வீடியோ எடுக்கக்கூட நேரமிருந்தது.

திரான்க்பாரில் அவனுக்கு நான்கு நாள் இருட்டு.
தகரம் ஒன்று பறந்துபோய்
யாருடைய காரின் மேலோ கிடந்தது.
உங்கள் பேட்டையின் பெயர் எங்கள் தரங்கம்பாடி என்று
முன்பொருநாள் சொல்லியிருக்கிறேன்.
"அங்கேயும் கூரை இப்படித்தானா?" என்று கேட்டான்.

"எல்லோருக்கும் ஒரே அளவுகோல்"
என்றார் மேலாளர் அப்பாவு, கூட்டத்தில்.
பொய்யில்லை.
காற்றுக்கு மட்டும் அந்த எக்செல்லில்
ஒரு கட்டம் இல்லை.

ரோஸ் ஹில் மெட்ரோ வாசலில்
டோல் பூரிக்கு அவன்தான் காசு கொடுத்தான்.
தடுத்தேன், கேட்கவில்லை.
"கோமளா, எத்தனையில் போச்சு, தெரியுமா?"
"தெரியாது" என்றேன்.
சட்னி வழிந்த விரலைக்
காகிதத்தில் துடைத்துக்கொண்டே இருந்தான்,
துடைத்து முடிந்த பிறகும்.

ஜனவரியில் மறுபடி மூன்றாம் எச்சரிக்கை.
மறுபடி வீட்டிலிருந்தே.
இந்த முறை விளக்கு அணையவேயில்லை.
பதினெட்டாம் வரிசையில் இப்போது யாரோ,
பெயர்கூடத் தெரியாது,
வாகோவாவிலோ பாம்பூவிலோ
மெழுகுவத்தி தேடிக்கொண்டிருக்கலாம்.

எழுந்துபோய்
மெயின் சுவிட்சை இறக்கினேன்.
ஃபிரிட்ஜ் ஓய்ந்தது. மோடத்தின் பச்சைப் புள்ளி போனது.
கதவடியில் மழை நுழைவது அப்போதுதான் கேட்டது.
எங்கோ என் டிக்கெட்டுகள் குவிந்துகொண்டிருந்தன.

இருபது நிமிடம்.

அதற்கு மேல் துணிச்சல் இல்லை.
வீட்டுக் கடன் இன்னும் பதினோரு வருடம்.
சுவிட்சை ஏற்றிவிட்டு உட்கார்ந்தேன்,
"மன்னிக்கவும், இங்கே மின்தடை"
என்று பாரிஸுக்குத் தட்டச்சு செய்தேன்.