ஒன்பதாம் நாள்

ஊலு நகராட்சியில் எனக்கு வேலை
உறைந்த தெருவுக்கடியில் ஒழுகும் குழாயைக்
காதால் கண்டுபிடிப்பது.
இரும்புக் கோலின் ஒரு முனை பனியில்,
மறுமுனை காதெலும்பில்.
பத்தொன்பது வருடம்.

கருப்பையை எடுக்க
வயிற்றில் நாலு துளை போதும் என்றார் டாக்டர் கொர்பெலா,
சாவித்துவாரம் அளவுதான்.
படிவத்தின் ஏழாவது வரி:
சிறுநீர்க்குழாய்க்குச் சேதம், அரிதாக.
அந்த ‘அரிதாக’வின் மேல்
பேனா கொஞ்சம் நின்றது.
பிறகு கையெழுத்துப் போட்டேன்.

ஐந்தாம் நாள் நானே சூப் வைத்தேன்.
ஒன்பதாம் நாள் விடியலில்
படுக்கை நனைந்திருந்தது.
வியர்வை இல்லை. ரத்தம் இல்லை.
முகர்ந்து பார்த்தேன், தொழில் பழக்கம்.
இடது விலாவுக்குக் கீழே
யாரோ கட்டைவிரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு
என் முழங்காலுக்கு நேரே உட்கார்ந்தார்.
"ரத்தக்குழாயைச் சுட்டு மூடினேன்.
அதற்கு அடியிலேயே ஓடுகிறது அது,
விரற்கடை தூரம்கூட இல்லை.
வெட்டவில்லை. சூடு பட்டிருக்கிறது.
அன்று திரையில் சுத்தமாகத்தான் தெரிந்தது.
பட்ட இடம் மெல்லச் செத்து
பிறகுதான் திறக்கும்."

எனக்கா தெரியாது?
பிப்ரவரியில் விரிசல் விட்ட குழாய்
ஏப்ரலில்தான் தெருவுக்கு வரும்.
ஆனாலும் கத்தினேன்.
அவர் எழுந்து போகவில்லை.

இப்போது உள்ளே ஒரு மெல்லிய குழல்,
ஆறு வாரத்துக்கு. குனிந்தால் குத்துகிறது.
அதற்கப்புறம்?
தெரியாது என்றார். அதை மட்டும் நம்பினேன்.

நேற்றிரவு தூக்கம் வரவில்லை.
மூலையில் சாய்ந்திருந்த கோலை எடுத்து
இடுப்பில் வைத்துக் கேட்டேன்.
மாடியில் தைஸ்தோ குளிக்கும் சத்தம்.